பேந்தவரா, பேத்தெறியப்பட்டவரா?

மணிப்பூரில் 2023 மே மாதம் வன்முறை மூண்டதிலிருந்து ‘உள்நாட்டு அகதிகள்’ என்ற தொடர் செய்திகளில் ஓயவில்லை. இரக்கத்தோடுதான் எழுதுகிறார்கள். ஆனால் யாருக்காக இரங்குகிறார்களோ அவருடைய உரிமையைத்தான் அந்தத் தொடர் அரிக்கிறது.

அகதி வடசொல், கதியற்றவர். மலையாளச் செய்தி கேட்கும், கேரள எல்லையோரக் களியக்காவிளைக்காரருக்கு ‘அபயார்த்தி’ தெரியும், அடைக்கலம் தேடுபவர். சட்டத்தில் இருவரும் ஒருவர்தான்: நாட்டு எல்லையைத் தாண்டியவர். குமரி மாவட்டத்துப் பழவிளை, பெருமாள்புரம், கோழிவிளை, ஞாறான்விளை முகாம்களுக்கு இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள். 2021இல் தமிழக அரசு அவற்றை ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. ஆனாலும் அங்குள்ள பெரும்பாலோருக்கு வாக்கில்லை. மணிப்பூரின் சூராசந்த்பூர் நிவாரண முகாமில் பாய் விரித்துக் கிடப்பவரோ இந்நாட்டுக் குடிமகன். 2024 மக்களவைத் தேர்தலில் அவர்களுக்கென்றே தனி வாக்குச்சாவடிகள் வைத்தார்கள். அவரைக் காப்பது அவருடைய அரசின் கடமை. அகதி என்று எழுதியதும் அந்தக் கடமை கருணையாகச் சுருங்கிவிடுகிறது.

சரி, ‘இடம்பெயர்ந்தோர்’ போதாதா? போதாது. பெயர்தல் தானாக நடப்பது. பெயர்த்தல் ஒருவர் செய்வது. சுவரில் சாந்து பேந்து விழுந்தால் ஈரமோ காரமோ காரணம். கடப்பாரை வைத்துப் பேத்தெடுத்தால், கடப்பாரை யார் கையில் இருந்தது என்று கேட்போம். ‘இடம்பெயர்ந்தோர்’ அந்தக் கேள்வியையே எழவிடுவதில்லை. ஐ.நா. 1998இல் வகுத்த வழிகாட்டு நெறிகள் வீட்டைவிட்டு ஓடக் கட்டாயப்படுத்தப்பட்டவர், பன்னாட்டு எல்லையைத் தாண்டாதவர் என்றே சொல்கின்றன. அந்தக் கட்டாயம் ‘இடம்பெயர்க்கப்பட்டோர்’ என்பதில்தான் இருக்கிறது. நீளமான சொல் என்கிறார்கள். ‘ஒருங்கிணைக்கப்பட்ட’வை நாளெல்லாம் எழுதுகிறவர்களுக்கு இது நீளமா?

ஈழத்தில் மக்கள் ‘இடம்பெயர்ந்து போனோம்’ என்றுதான் பேசுகிறார்கள். பட்டவர் வாய்ச்சொல், அதைத் திருத்த யாருக்கும் உரிமையில்லை. மனுவிலும் செய்தியிலும் சட்டத்திலும்தான் பிறவினை வேண்டும். இலங்கையில் பிறர் காணியைப் 10 ஆண்டு தடையின்றி ஆண்டு அனுபவித்தவர் அதற்கு உரிமை கோரலாம். போரால் துரத்தப்பட்டவரின் காணி இந்த வழியில் கைமாறியது. அதற்காகவே 2016இல் தனிச் சட்டம் வந்தது: 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயல்களால் தன் உரிமையை வழக்காட முடியாமல் போனவருக்கு எதிராக அந்தக் காலம் கணக்கில் வராது. தானாகப் போனாரா, போகவைக்கப்பட்டாரா என்பதில்தான் காணியே நிற்கிறது.

‘புலம்பெயர்ந்தோர்’ இன்னும் மோசம். பட்டினப்பாலையில் ‘புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்’ பட்டினம் காவிரிப்பூம்பட்டினம். வணிகத்தால் செழித்த ஊர். அந்த ‘இனிது’ முகாமில் ஏது? பகைப்படைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடுவதற்கு நம்மிடம் வலசை என்ற சொல்லே இருந்தது. இராமநாதபுரத்துப் பிரப்பன்வலசையின் பெயரிலும் அது ஒட்டியிருக்கிறது. இன்று அதைப் பறவைகளுக்குக் கொடுத்துவிட்டோம்.

இலங்கையில் சொல்லும் ‘மீள்குடியேற்றம்’ வேறொரு ஏமாற்று. ஊர் திரும்பிய குடும்பத்துக்குக் கூரைத்தகடும் சில மாத உலர் உணவும் கொடுத்ததும் பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள். வேலையோ அப்போதுதான் தொடங்குகிறது. முதலில் கண்ணிவெடி அகற்றிய சான்று வேண்டும். அதற்குமுன் மண்வெட்டியை எடுக்கக் கூடாது. பிறகு கிணறு. குப்பையைத் தோண்டி எடுத்து, இறைத்து, குளோரின் இட வேண்டும். யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அவசரப்பட்டு ஒட்ட இறைத்தால் கடலோரக் கிணற்றில் உவர் ஏறிவிடும். அடுத்து ‘உறுதி’, அதாவது நம்மூர்ப் பத்திரம். இந்திய வீட்டுத் திட்டத்தில் வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய், கட்டக் கட்டத் தவணையாகத்தான் வந்தது. காணி யாருடையது என்று காட்ட முடியாதவருக்கு அத்திவாரத்துக்கே வழியில்லை.

தகரத்துக்குக் கீழே இருந்துகொண்டு உறுதி நகலுக்காகக் காணிப் பதிவகத்துக்கு நடப்பவரை ‘மீள்குடியேறியவர்’ என்று மொழிபெயர்ப்பாளர்கள் எழுதக் கூடாது. அவர் திரும்பியவர், அவ்வளவுதான். கிணறும் உறுதியும் வீடும் பிழைப்பும் கைக்கு வந்தபின் ‘குடியமர்ந்தவர்’ என்று எழுதட்டும்.