நெப்போலியன் காலத்துக் குதிரைப்படை: ஓவியத்தின் வேகமும் களத்தின் வேகமும்

தியோடர் ஜெரிக்கோ குதிரைகளை நன்கு அறிந்த ஓவியர். நெப்போலியனின் காவல்படை அதிகாரி ஒருவரைத் திமிறி எழும் குதிரையின் மேல் அமர்த்தி 1812-இல் அவர் வரைந்த படம் இன்றும் பார்ப்பவரை மிரள வைக்கிறது. ஆனால் 1821-இல் அவர் தீட்டிய எப்சம் பந்தய ஓவியத்தில் எல்லாக் குதிரைகளும் முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களை பின்னாலும் நீட்டியபடி காற்றில் மிதக்கின்றன. அந்த நிலையில் எந்தக் குதிரையும் ஓடுவதில்லை. அக்காலப் போர் ஓவியங்கள் பலவற்றிலும் குதிரைகள் இப்படித்தான் பறக்கின்றன.

நாலுகால் பாய்ச்சலில் குதிரையின் குளம்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையைத் தொடுகின்றன. முதலில் ஒரு பின்னங்கால், அடுத்து மற்றொரு பின்னங்கால், பிறகு ஒரு முன்னங்கால், கடைசியாக மற்ற முன்னங்கால். அந்தக் கடைசிக் கால் தரையை உந்தி எழுந்ததும்தான் குதிரை முழுவதுமாகக் காற்றில் இருக்கிறது. அப்போது நான்கு கால்களும் நீண்டிருப்பதில்லை. வயிற்றுக்கடியில் மடங்கிக் குவிந்திருக்கின்றன. சிவிங்கிப்புலியும் வேட்டை நாயும் முதுகை வில்லாக வளைத்து நிமிர்த்துவதால், கால்களை நீட்டிய நிலையிலும் அவற்றால் காற்றில் இருக்க முடிகிறது. குதிரையின் முதுகு அவ்வளவு வளையாது. மொத்தச் சுற்றும் ஏறத்தாழ அரை நொடியில் முடிந்துவிடுகிறது. வெறும் கண்ணால் இதைப் பிரித்துப் பார்க்க முடியாது.

பிரெஞ்சு ஓவியர் எர்னஸ்ட் மெசோனியே எப்படியாவது பார்த்துவிடத் துடித்தார். 1807 ஜூன் 14 அன்று நடந்த ஃபிரீட்லாந்துப் போரைக் கருவாகக் கொண்ட ஓவியத்துக்கு அவர் பத்தாண்டுக்கும் மேலாக உழைத்தார். தன் தோட்டத்தில் தண்டவாளம் போட்டு, அதில் ஒரு வண்டியில் அமர்ந்து, பக்கத்தில் பாயும் குதிரையின் கால்களைக் கவனித்து வரைந்தார். அறிவியல் ஆய்வு என்று இதைச் சொல்ல நான் தயங்கமாட்டேன். ஓவியம் 1875-இல் முடிந்தது. மூன்றே ஆண்டுகளில், 1878 ஜூனில், கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையைப் படமெடுத்தார். மடங்கிய கால்களை உலகம் அப்போதுதான் கண்டது. 1881-இல் மைப்ரிட்ஜ் பாரிஸுக்கு வந்தபோது, அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து அந்தப் படங்களைக் கலைஞர்களுக்குக் காட்டச் செய்தவரும் இதே மெசோனியேதான்.

திரைப்படம் வந்த பிறகு கால்களைப் பற்றிய பிழை தீர்ந்துவிட்டது. வேகத்தைப் பற்றிய பிழை மட்டும் நீடிக்கிறது.

திரையில் தாக்குதல் என்றால் முதல் நொடியிலிருந்தே முழுப் பாய்ச்சல். உண்மையான தாக்குதல் நடையில் தொடங்கும், பிறகு துள்ளுநடை, எதிரியை நெருங்கியதும் பாய்ச்சல், தலைதெறிக்கும் ஓட்டம் கடைசிச் சில பத்து மீட்டரில் மட்டுமே. குதிரைகளின் வேகம் ஒன்றுபோல இருப்பதில்லை. அரை கிலோமீட்டர் முன்பே விரட்டினால் வேகமானவை முந்திவிடும், மற்றவை பின்தங்கும், அணி சிதறிவிடும். மூச்சும் ஒரு காரணம். பாய்ச்சலில் குதிரை ஓர் அடிச்சுற்றுக்கு ஒரு மூச்சுதான் விடுகிறது. கால்களின் தாளத்தோடு நுரையீரல் பூட்டப்பட்டிருப்பதால், களைத்த குதிரை ஓடிக்கொண்டே கூடுதலாக மூச்சு வாங்க முடியாது.

இதன் விலையை 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் பிரிட்டனின் ‘ஸ்காட்ஸ் கிரேஸ்’ படைப்பிரிவு கொடுத்தது. பிரிட்டிஷ் ஓவியர் லேடி பட்லர் 1881-இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில் அந்தச் சாம்பல் நிறக் குதிரைகள் பார்ப்பவர் மேலேயே பாய்ந்து வருகின்றன. உண்மையில் அவை முந்தைய இரவின் மழையில் ஊறிய சேற்றில், வேலியைக் கடந்து, தங்கள் தரப்புக் காலாட்படையின் இடைவெளிகளுக்குள் புகுந்துதான் முன்னேற வேண்டியிருந்தது. பெரிய வேகம் அங்கே வாய்த்திருக்காது. முதல் மோதலில் வென்றார்கள். பிறகு நிறுத்தத் தெரியாமல் பிரெஞ்சு பீரங்கி வரிசை வரை ஓடினார்கள். குதிரைகள் மூச்சிரைத்து நின்ற நேரத்தில், களைக்காத குதிரைகளில் வந்த பிரெஞ்சு ஈட்டிவீரர்கள் அவர்களை வெட்டிச் சாய்த்தார்கள்.

அதே நாள் மாலை நடந்தது இன்னும் வியப்பானது. நெப்போலியனின் தளபதி மார்ஷல் நே அலை அலையாக ஏறத்தாழ 9,000 குதிரைவீரர்களைப் பிரிட்டிஷ் தரப்பின் சதுர அணிகள் மீது, அதாவது நான்கு பக்கமும் வெளிநோக்கித் துப்பாக்கி நீட்டி நின்ற காலாட்படை மீது ஏவினார். ஒரு சிறு கணக்கு போடலாம். அக்காலத் துப்பாக்கியின் ஓரளவு பயனுள்ள சுடுதூரம் சுமார் 100 மீட்டர். மறுபடி குண்டு நிரப்ப 20 நொடி ஆகும். மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் வரும் குதிரை 100 மீட்டரை 15 நொடியில் கடந்துவிடும். அதாவது காலாட்படைக்கு ஒரே ஒரு சுடுவாய்ப்பு. கணக்குப்படி குதிரைப்படை வென்றிருக்க வேண்டும். ஒரு சதுரம்கூட உடையவில்லை.

காரணம் குதிரையிடம் இருக்கிறது. இடைவெளி தெரிந்தால் அது நுழையும். இடைவெளியே இல்லாத தடையில், அதுவும் கூர்மையான கத்திமுனைகள் நீட்டிய வரிசையில், சவாரி செய்பவர் எவ்வளவு குத்தினாலும் மோதாது. விலகும் அல்லது நின்றுவிடும். ஆகவே குதிரைப்படைத் தாக்குதல் அடிப்படையில் மனஉறுதியின் சோதனை. முழங்காலோடு முழங்கால் உரச வரும் வரிசையைக் கண்டு நிற்பவர்களில் சிலர் அஞ்சி விலகினால் வழி பிறக்கும். குதிரை உள்ளே புகும். யாரும் அசையாவிட்டால் குதிரைதான் ஒதுங்க வேண்டும். ஒழுங்கு குலையாமல் மெதுவாக வரும் படை, சிதறி ஓடிவரும் படையைவிட அச்சமூட்டியதும் இதனால்தான்.

1970-இல் செர்கேய் பொந்தார்சுக் இயக்கிய ‘வாட்டர்லூ’ திரைப்படத்தில் இதைக் கண்ணால் காணலாம். சோவியத் ராணுவத்தின் ஆயிரக்கணக்கான வீரர்களையும் உண்மைக் குதிரைகளையும் வைத்து எடுத்த படம் அது. வானிலிருந்து பார்க்கும் காட்சியில், பாறைகளைச் சுற்றிப் பிரிந்து ஓடும் வெள்ளம்போலச் சதுரங்களுக்கிடையே குதிரைகள் வழிந்தோடுகின்றன. அதே படத்தில் ஸ்காட்ஸ் கிரேஸ் தாக்குதல் லேடி பட்லரின் ஓவியத்தை நினைவூட்டும்படி மெதுவியக்கத்தில் வருகிறது. அழகுதான், ஆனால் மேலிருந்து காட்டும் அந்தச் சில நொடிகளில் இருக்கும் உண்மை இதில் இல்லை.

சதுரம் உடைந்ததே இல்லையா? அரிதாக உடைந்தது. 1812 ஜூலை 23 அன்று ஸ்பெயினின் கார்சியா எர்னாண்டஸ் என்ற இடத்தில், பிரிட்டனுக்காகப் போரிட்ட ஜெர்மானியக் குதிரைவீரர்கள் பிரெஞ்சுச் சதுரம் ஒன்றைத் தாக்கினார்கள். மிக நெருக்கத்தில் சுடப்பட்ட ஒரு குதிரை, வந்த வேகத்திலேயே சவாரியோடு அந்தச் சதுரத்தின் மேல் விழுந்தது. உயிருள்ள குதிரை விலகியிருக்கும். சாகும் குதிரையால் விலக முடியவில்லை. அரை டன் எடை விழுந்து நசுக்கிய இடத்தில் திறப்பு உண்டாயிற்று. பின்னால் வந்தவர்கள் அதன் வழியே உள்ளே புகுந்தார்கள். அதைக் கண்டு கலங்கிய இன்னொரு சதுரமும் அடுத்து உடைந்தது.