அரை மில்லிமீட்டர் கார்னியாவும் லேசிக் கணக்கும்

லேசிக் போன்ற லேசர் சிகிச்சை செய்து கண்ணாடியைக் கழற்றிவிட நினைப்பவர்கள் முதலில் கேட்பவை பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான். வலிக்குமா? எவ்வளவு செலவாகும்? இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் அடுத்த நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு அந்தக் கண் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பவை வேறு மூன்று கேள்விகள். என் கார்னியாவின் தடிமன் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு)? அதில் எத்தனை மைக்ரானை எடுக்கப்போகிறீர்கள்? எத்தனை மிஞ்சும்? இந்த மூன்று எண்களும் தெரியாமல் யாரும் லேசர் கருவிக்கு அடியில் படுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கண்ணின் முன்புறத்தில், கருவிழியை மூடியபடி வளைந்திருக்கும் ஒளிபுகும் படலம்தான் கார்னியா. கண் தானத்தில் எடுத்துப் பொருத்தப்படுவதும் இதுதான். நடுப்பகுதியில் இதன் தடிமன் ஏறத்தாழ 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே கூடுதல். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸைத்தான் எல்லோரும் முக்கியம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஒளியைக் குவிக்கும் கண்ணின் மொத்தத் திறனான சுமார் 60 டையாப்டரில் (கண்ணாடிப் பவரை அளக்கும் அலகுதான் டையாப்டர்) 43 டையாப்டர் அளவுக்குக் கார்னியாவின் பங்கு. அதன் வளைவை ஒரு முடியின் பருமனைவிடக் குறைவாக மாற்றினாலே பார்வை பெரிதும் மாறிவிடுவது இதனால்தான்.

கிட்டப்பார்வை உள்ளவரின் கண் பெரும்பாலும் முன்பின்னாகச் சற்று நீண்டிருக்கும். தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடும். மைனஸ் 5 பவர் என்றால், கண்ணாடி இல்லாமல் 20 சென்டிமீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரியாது என்று பொருள். லேசர் கண்ணின் நீளத்தைக் குறைப்பதில்லை. கார்னியாவின் நடுப்பகுதியைத் தட்டையாக்கி, ஒளி குவியும் இடத்தைப் பின்னால் தள்ளுகிறது, அவ்வளவுதான். பிளஸ் பவர் உள்ளவர்களுக்கு நடுவைச் சுற்றி வளையமாகத் திசுவை எடுத்து நடுப்பகுதியைக் குவியச் செய்கிறார்கள். சிலிண்டர் பவருக்கு, அதாவது கார்னியாவின் வளைவு திசைக்குத் திசை மாறுபடும் குறைக்கு, ஒரு திசையில் கூடுதலாகவும் மறு திசையில் குறைவாகவும் எடுக்கிறார்கள். எந்தப் பவராக இருந்தாலும் வேலை ஒன்றுதான்: இருக்கும் திசுவிலிருந்து கொஞ்சம் கழிப்பது. கழித்தது மறுபடி வளராது. மேற்பரப்பில் உள்ள 50 மைக்ரான் எபிதீலியம் சில நாட்களில் புதிதாக வளர்ந்துவிடும். அதற்குக் கீழே, கார்னியாவின் பெரும்பகுதியாக உள்ள ஸ்ட்ரோமா அப்படியல்ல.

இவ்வளவு நுட்பமாகத் திசுவைக் கழிக்கலாம் என்று கண்டறிந்தவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ரங்கசுவாமி ஸ்ரீனிவாசன், 1929இல் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, பிறகு அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் சேர்ந்தவர். ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோரோடு சேர்ந்து, புற ஊதா எக்ஸைமர் லேசரை வைத்து பிளாஸ்டிக் போன்ற பொருள்களை நுட்பமாகச் செதுக்குவதை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1981 நவம்பரில், அமெரிக்கர்களின் நன்றி நவிலும் நாள் விருந்துக்கு மறுநாள், வீட்டில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து அதன்மீது இந்த லேசரைப் பாய்ச்சினார். சாதாரண பச்சை லேசர் பட்ட இடத்தில் தசை கருகியது. எக்ஸைமர் லேசர் பட்ட இடத்திலோ விளிம்பு கூராக, சுற்றிலும் எந்தக் கருகலும் இல்லாமல் ஒரு வெட்டு கிடைத்தது. ஒற்றைத் தலைமுடியில் வரிசையாகச் சதுரக் குழிகள் செதுக்கிய அவர்களுடைய படம் பிறகு உலகம் முழுவதும் சுற்றியது.

காரணம் அந்த ஒளியின் அலைநீளத்தில் இருக்கிறது. 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியின் ஒவ்வொரு ஃபோட்டானும் சுமார் 6.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டது. புரத மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்புகளை நேரடியாக அறுக்க இது போதும். பிணைப்பு அறுந்த துண்டுகள் வெப்பம் பக்கத்தில் பரவுவதற்கு முன்பே ஆவியாக வெளியேறிவிடுகின்றன. ஒரு துடிப்புக்குக் கால் மைக்ரான் அளவில்தான் திசு போகிறது. இந்த ஒளி மேற்பரப்பிலேயே முழுமையாக உறிஞ்சப்படுவதால் உள்ளே உள்ள லென்ஸையோ விழித்திரையையோ எட்டுவதில்லை. சிகிச்சையின்போது முடி கருகுவதுபோல ஒரு வாசனை வரும். பலர் கண் எரிகிறது என்று பதறிப்போகிறார்கள். கார்னியாவின் புரதத் துண்டுகள் காற்றில் கலப்பதால் வரும் வாசனை அது.

கொலம்பியா பல்கலைக்கழகத்துக் கண் மருத்துவர் ஸ்டீவன் ட்ரோக்கலுடன் சேர்ந்து 1983இல் இதைக் கார்னியாவில் செய்து பார்த்தார் ஸ்ரீனிவாசன். கிரீஸின் கிரீட் தீவைச் சேர்ந்த அயோனிஸ் பாலிகாரிஸ், முதலில் கார்னியாவின் மேற்பகுதியை ஒரு மெல்லிய மடலாகத் திறந்து அதன் அடியில் லேசரைச் செலுத்தும் முறையை 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கினார். அதுவே லேசிக். ஸ்ரீனிவாசனுக்கும் அவருடைய இரு சகாக்களுக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் 2013இல் வழங்கப்பட்டது.

இப்போது கணக்குக்கு வருவோம். எடுக்க வேண்டிய ஆழத்தை அறிய எளிய சூத்திரம் ஒன்று உண்டு. சரிசெய்யப்படும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கப்படுத்தி, பவரால் பெருக்கி, மூன்றால் வகுத்தால் ஆழம் மைக்ரானில் கிடைக்கும். 6 மில்லிமீட்டர் வட்டத்துக்கு ஒரு டையாப்டருக்கு 12 மைக்ரான். நவீனக் கருவிகள் இதிலிருந்து சற்று விலகும். ஆனால் நோயாளி தன் நிலையைப் புரிந்துகொள்ள இது போதும்.

550 மைக்ரான் தடிமனும் மைனஸ் 4 பவரும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மடலுக்கு 110, லேசருக்கு 48. மடலுக்குக் கீழே 392 மைக்ரான் மிஞ்சுகிறது. கவலையில்லை. இன்னொருவருக்கு 490 மைக்ரான் தடிமன், மைனஸ் 8 பவர். மடலுக்கு 110, லேசருக்கு 96. மிஞ்சுவது 284. குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்பது பழைய விதி. பலர் இப்போது 300ஐத்தான் எல்லையாக வைக்கிறார்கள். மடலும் லேசரும் சேர்ந்து மொத்தத் தடிமனில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இன்னொரு எச்சரிக்கை எல்லை. இவருக்கு அது 42 சதவீதம். பழைய விதிப்படி தேறிவிடும் இவரிடம் லேசிக் வேண்டாம் என்று சொல்லும் மருத்துவரே நல்ல மருத்துவர். கார்னியாவைத் தொடாமல் கண்ணுக்குள் லென்ஸ் ஒன்றைப் பொருத்தும் ஐசிஎல் முறை இவரைப் போன்றவர்களுக்கானது.

அதே கணக்கில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. வட்டத்தை 6 மில்லிமீட்டரிலிருந்து 6.5ஆகப் பெரிதாக்கினால் ஒரு டையாப்டருக்கு 14 மைக்ரான் ஆகிவிடும். வட்டம் சிறியதாக இருந்தால் திசு மிச்சமாகும். ஆனால் இரவில் கண்பாவை விரியும்போது, சரிசெய்யப்பட்ட வட்டத்துக்கு வெளியே விழும் ஒளியும் உள்ளே போய், எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி வளையங்கள் தெரியும். இரவில் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுவது உங்கள் பிழைப்பு என்றால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

தடிமன் போதுமானதாக இருந்தும் லேசிக் செய்யக் கூடாத கண்கள் உண்டு. கெரட்டோகோனஸ் என்ற நோயில் கார்னியா வலுவிழந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூம்பு வடிவில் முன்தள்ளும். பெரும்பாலும் பதின்பருவத்திலும் இருபதுகளிலும்தான் இது தொடங்கும். லேசிக்குக்காக வருகிறவர்களின் வயதும் அதுவே. ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இருக்காது. கண்ணாடி போட்டால் நன்றாகவே தெரியும். அப்படிப்பட்ட கார்னியாவை மேலும் மெலிதாக்கினால் அது உப்பிக்கொண்டே போய்ப் பார்வையைக் குலைத்துவிடும். லேசிக்குக்குப் பிந்தைய இந்த உப்பலை ஜெர்மானிய மருத்துவர் தியோ செய்லர் 1998இல் விவரித்தார். இன்று இதைத் தடுக்கக் கார்னியாவின் முன்புற, பின்புற வளைவுகளையும் ஒவ்வொரு புள்ளியின் தடிமனையும் வரைபடமாக்கும் ஸ்கேன் இருக்கிறது. அந்த வண்ணப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது உங்கள் உரிமை. ஆண்டுக்கு ஆண்டு சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போனாலும், உடன்பிறந்தவர்களில் யாருக்காவது கெரட்டோகோனஸ் இருந்தாலும், சிறு வயது முதல் அலர்ஜியால் கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தாலும் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

பரிசோதனை சரியாக அமைய கான்டாக்ட் லென்ஸை முன்பே கழற்றியிருக்க வேண்டும். அது கார்னியாவை அழுத்தி வடிவத்தை மாற்றிவைத்திருக்கும். மென்மையான லென்ஸ் என்றால் ஓரிரு வாரம், கடினமான வகை என்றால் மூன்று நான்கு வாரம் அல்லது அதற்கும் மேல். திருமணத் தேதியைக் குறித்துவிட்டு, இன்றே பரிசோதனை, நாளையே சிகிச்சை என்று அவசரப்படுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே பதைப்பாக இருக்கிறது. பவர் ஓராண்டாக அரை டையாப்டருக்கு மேல் மாறாமல் இருக்க வேண்டும். பதினெட்டு வயது குறைந்தபட்சம். இருபத்தொன்று வரை காத்திருப்பது நல்லது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போட வேண்டும். முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள் இருந்தாலும், முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாலும் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். அரசுத் தேர்வுகளுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ரயில்வேயின் உதவி லோகோ பைலட் பணிக்கு லேசிக் செய்துகொண்டவர்கள் தகுதியற்றவர்கள் என்று தேர்வு அறிவிக்கைகள் சொல்லி வந்திருக்கின்றன. உங்கள் பணிக்கான மருத்துவ விதியைப் படித்த பிறகு முடிவெடுங்கள்.

முறைகள் மூன்று. லேசிக்கில் மடல் திறக்கப்படும். மறுநாளே பார்வை தெளியும். ஆனால் அந்த மடல் பழைய வலுவோடு ஒட்டுவதில்லை, பல ஆண்டுகள் கழித்தும் பலத்த அடிபட்டால் நகரக்கூடும். கபடி, குத்துச்சண்டை ஆடுகிறவர்களுக்கு மடல் இல்லாத பிஆர்கே முறையே ஏற்றது. அதில் எபிதீலியத்தை நீக்கிவிட்டு லேசர் செலுத்துவதால் மூன்று நான்கு நாள் வலி இருக்கும், பார்வை மெதுவாகத்தான் தெளியும். மூன்றாவது ஸ்மைல். ஃபெம்டோசெகண்ட் லேசர் கார்னியாவுக்குள்ளேயே சிறு லென்ஸ் வடிவத் துண்டை வெட்டிப் பிரிக்க, அதைச் சில மில்லிமீட்டர் துளை வழியே உருவி எடுக்கிறார்கள். எது புதியது என்று பார்க்காமல், உங்கள் கார்னியாவுக்கு எது பொருந்தும் என்று கேளுங்கள்.

சிகிச்சையின்போது கண் அசைந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. இமைகளை ஒரு கருவி பிடித்துக்கொள்ளும். கண்ணின் அசைவைக் கருவி தொடர்ந்து கவனித்து லேசரையும் கூடவே நகர்த்தும், எல்லை மீறினால் நிறுத்திவிடும். சொட்டு மருந்தால் மரத்துப்போன கண்ணில் வலி இருக்காது. மடல் வெட்டும்போது மட்டும் அழுத்தமும், சில நொடிகளுக்குப் பார்வை மங்குவதும் இருக்கும்.

பிறகு வரும் தொல்லைகளை விளம்பரங்கள் சிறிய எழுத்தில் போடுகின்றன. உடலிலேயே நரம்புகள் மிக அடர்ந்த இடங்களில் கார்னியாவும் ஒன்று. மடல் வெட்டும்போது அந்த நரம்புகளும் வெட்டப்படுகின்றன. கண் காய்ந்திருப்பதை உணர்ந்து கண்ணீரை வரவழைக்கும் தகவல் மூளைக்குப் போவது குறைவதால் கண் வறள்கிறது. நரம்புகள் மீள ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் நடத்திய ஆய்வில், முன்பு வறட்சியே இல்லாதவர்களில் 28 சதவீதம் பேர் வரை மூன்றாம் மாதத்தில் வறட்சி இருப்பதாகச் சொன்னார்கள். முன்பு பார்வைக் கோளாறு உணர்வு எதுவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் பேர் வரை ஒளிவளையம், கூச்சம் போன்ற ஒன்றையாவது புதிதாகக் கண்டார்கள். அதே ஆய்வில் 95 சதவீதத்துக்கும் மேலானோர் தங்கள் பார்வையில் திருப்தி அடைந்திருந்தார்கள். அன்றாட வேலைகளுக்குப் பெரிதும் சிரமப்பட்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இந்த எண்கள் எல்லாவற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஏற்கெனவே நாளெல்லாம் கணினித் திரை முன் கண் எரிச்சலோடு இருப்பவர் முதலில் வறட்சிக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வர வேண்டும்.

நாற்பதை நெருங்குகிறவர்கள் வெள்ளெழுத்தை மறந்துவிடுகிறார்கள். அது உள்லென்ஸ் இறுகுவதால் வருவது. கார்னியாவைச் செதுக்கினால் போகாது. மைனஸ் 2 உள்ள ஒருவர் நாற்பத்தைந்து வயதிலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அரை மீட்டருக்குள் செய்தித்தாள் படித்துவிடுவார். லேசிக் செய்தால் தூரம் தெரியும், செய்தித்தாளுக்குக் கண்ணாடி வேண்டும். எது தனக்கு முக்கியம் என்று அவரே யோசிக்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கண்ணாடி போய்விட்டாலும் உங்கள் கண் இன்னும் நீண்ட கண்தான். நீண்ட கண்ணின் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். அது கிழியவும் பிரியவும் உள்ள ஆபத்து லேசருக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது. அதனால் கண்பாவையை விரித்துப் பார்க்கும் பரிசோதனையை ஆண்டுதோறும் செய்துகொள்ளுங்கள். திடீரென மின்னல் வெட்டுவதுபோலத் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் பெருகினாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

கண் அழுத்தத்தை அளக்கும் வழக்கமான கருவி, மெலிந்த கார்னியாவில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்; கண் அழுத்த நோய் ஒளிந்துகொள்ள இது இடம் தருகிறது. கண்புரை அறுவையின்போது வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட வழக்கமான சூத்திரங்களும், கார்னியாவின் இயல்பான வடிவத்தை நம்பியே அமைந்தவை. லேசிக் செய்த கண்ணில் அவை தவறான லென்ஸைச் சொல்லிவிடும். கிட்டப்பார்வைக்குச் சிகிச்சை பெற்றவர் பிளஸ் பவரோடு எழுந்துவருவார். இதைச் சரிசெய்யும் தனிச் சூத்திரங்கள் இருக்கின்றன. பழைய அளவுகள் கையில் இருந்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி.

ஆகவே சிகிச்சைக்கு முந்தைய பவர், கார்னியாவின் வளைவு அளவு, தடிமன், வண்ண வரைபடம், எடுக்கப்பட்ட ஆழம், ஆறிய பிறகு நிலைத்த பவர் ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இருபத்தைந்து வயதில் சிகிச்சை செய்துகொண்டவருக்கு இந்தத் தாள் தேவைப்படுவது அறுபதில். அதற்குள் ஊர் மாறியிருக்கும், மருத்துவர் மாறியிருப்பார். ஒரு பிரதியை வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்துவையுங்கள். வேறெந்தக் காரணத்துக்காகக் கண்ணைக் காட்டப் போனாலும், லேசர் செய்திருப்பதை நீங்களாகவே முதலில் சொல்லுங்கள். நன்றாக ஆறிய கண்ணில் அது எளிதில் தென்படாது.