மழை, வெள்ள எச்சரிக்கை உங்கள் போனுக்கு வருகிறதா? வடசென்னைக்கான விளக்கம்

புயல், கனமழை, ஏரி திறப்பு என்றால் அரசே உங்கள் கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. இதற்குக் கட்டணம் கிடையாது, எங்கும் பதிய வேண்டாம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காக மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் உருவாக்கிய 'சசேத்' என்ற அமைப்பு வழியாக, ஆபத்து எந்தப் பகுதிக்கோ அந்தப் பகுதி டவர்களில் இருக்கும் போன்களுக்குச் செய்தி போகிறது. 2027-க்குள் உலகில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் முன்னெச்சரிக்கை போய்ச் சேர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்செயலர் குட்டெரெஸ் 2022-இல் அறிவித்தார். டவர் இருந்தால் மட்டும் அது நடந்துவிடாது. செய்தி கடைசி வீடு வரை எட்ட வேண்டும்.

செய்தி இரண்டு விதமாக வரும். ஒன்று, வழக்கமான எஸ்.எம்.எஸ். சசேத் அனுப்புவதில் அனுப்புநர் பெயர் 'என்.டி.எம்.ஏ.இ.டபிள்யூ' என்ற ஆங்கில எழுத்துகளில் இருக்கும். எஸ்.எம்.எஸ். ஒவ்வொரு எண்ணாகப் போவதால் நெரிசலில் தாமதமாகும். பட்டன் போனில் இன்பாக்ஸ் நிரம்பியிருந்தால் புதுச் செய்தி உள்ளே வராது. வீட்டில் பெரியவர்கள் வைத்திருக்கும் போனில் பழைய விளம்பரச் செய்திகளை இன்றே அழித்துக் கொடுங்கள்.

இன்னொன்று செல் பிராட்காஸ்ட். தமிழ்நாட்டில் இதன் சோதனை 2023 அக்டோபரில் நடந்தது. போன்கள் ஒரே நேரத்தில் அலறியது பலருக்கு நினைவிருக்கும். டவர் ஒருமுறை ஒலிபரப்பினால் அதன் எல்லைக்குள் இருக்கும், இந்த வசதியுள்ள எல்லாப் போனும் வாங்கிக்கொள்ளும். நெரிசல் பாதிக்காது, டேட்டா வேண்டாம். மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வெளிமாநிலத்தவரின் சிம்முக்கும் வரும். போனை ஃபிளைட் மோடில் போட்டிருந்தாலோ அணைத்து வைத்திருந்தாலோ வராது.

உங்கள் போனின் செட்டிங்ஸில் இந்த வசதி அணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அதில் 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி', அதற்குள் 'வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ்'. சில மாடல்களில் இடம் மாறும். செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் 'எமர்ஜென்சி' என்று அடித்தால் கிடைத்துவிடும். 'அலோ அலர்ட்ஸ்', 'எக்ஸ்ட்ரீம்', 'சிவியர்' மூன்றும் ஆன் ஆக இருக்க வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ், கடைசி வரை கீழே இறங்கி இந்த எச்சரிக்கைகள் ஆன் ஆக இருக்கின்றனவா என்று பாருங்கள். உண்மையான எச்சரிக்கை ஓ.டி.பி. கேட்காது, பணமும் கேட்காது.

வடசென்னைக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: மழை எச்சரிக்கையின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆரஞ்சு என்றால் 24 மணி நேரத்தில் சுமார் 11.5 முதல் 20 செ.மீ. வரை, சிவப்பு என்றால் அதற்கும் மேல். ஆனால் மணலி புதுநகர், சடையங்குப்பம், எண்ணூர் பகுதிகளுக்குத் தண்ணீர் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்தே வருகிறது. பூண்டி ஏரியைத் திறந்தால் கொசஸ்தலையாறு நிரம்பும். புழல் ஏரியின் உபரிநீர் வடகரை, வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி வழியாகச் சடையங்குப்பம் போய் அதே ஆற்றில் சேரும். முதலில் வினாடிக்குச் சில நூறு கன அடி என்றுதான் அறிவிப்பு வரும். ஏரிக்கு வரத்து கூடினால் திறப்பும் கூடும். அந்த நேரம் கடல் பொங்கி நின்றால் எண்ணூர் முகத்துவாரம் வழியாக ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் வடியாது. உங்கள் தெருவில் மழை விட்ட பிறகும் தண்ணீர் ஏறுவது இதனால்தான். ஆகவே 'சென்னை' என்று வரும் எச்சரிக்கையோடு 'திருவள்ளூர்' என்று வருவதையும் படியுங்கள். மாநில அரசின் டிஎன் அலர்ட் செயலியில் ஏரி நீர்மட்டத்தைத் தமிழிலேயே பார்க்கலாம். அதற்கு மட்டும் இணையம் வேண்டும்.

பெரும்பாலும் சிக்கல் மின்சாரத்தில் தொடங்கும். தெருவில் தண்ணீர் ஏறினால் மின்கசிவு பயத்தில் சப்ளையை நிறுத்துவார்கள், அது தேவையான முன்னெச்சரிக்கை. பிறகு டவர் பேட்டரியிலும் ஜெனரேட்டரிலும் ஓடும். டீசல் கொண்டுபோக வழியில்லாவிட்டால் அதுவும் நிற்கும். எனவே முதல் எச்சரிக்கை வந்ததுமே எல்லாப் போனையும் பவர் பேங்கையும் முழு சார்ஜ் ஏற்றுங்கள். நெட்வொர்க் தேர்வை 'ஆட்டோமேட்டிக்'கில் வையுங்கள். உங்கள் கம்பெனி சிக்னல் போய்விட்டாலும் அவசர உதவி எண் 112-ஐ அழைத்துப் பாருங்கள். பக்கத்தில் வேறு கம்பெனி டவர் உயிரோடு இருந்தால் அதன் வழியாகப் போகும். சிக்னல் இருக்கும்போது மாநகராட்சிக்கு 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070.

காசிமேட்டு விசைப்படகுக்காரர்களுக்கு இதெல்லாம் கரையோடு சரி. ஆழ்கடலில் டவர் எட்டாது. அவர்களுக்கு இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் என்ற செய்திக் கருவி இருக்கிறது. நாடு முழுவதும் 1 லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் மத்திய அரசுத் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. செயற்கைக்கோள் வழியாக வேலை செய்வதால் புயல் எச்சரிக்கை கடலிலேயே வரும், ஆபத்துச் செய்தியைத் திருப்பியும் அனுப்பலாம். 'நப்மித்ரா' செயலி உள்ள போனை புளூடூத்தில் இணைத்துச் செய்தியைப் படிக்கலாம். அந்த இணைப்பு வேலை செய்கிறதா என்று கரையை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். உங்கள் படகுக்கு இன்னும் வரவில்லை என்றால், படகின் பதிவுச் சான்றோடு மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.