ரெக்கார்ட் பிளேயர் பெல்ட் தளர்ந்தா ஸ்ருதியும் இறங்கும், இசைத்தட்ட கம்ப்யூட்டர்ல ஏத்துறதுக்கு முன்னாடி பாருங்க

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பாட்டு டீச்சரம்மா அவங்க அப்பா வச்சிருந்த ரெக்கார்ட் பிளேயர ஆட்டோல வச்சு கடைக்கு கொண்டு வந்தாங்க. "தம்பி, எந்த தட்டு போட்டாலும் ஸ்ருதிப்பெட்டியோட சேரவே மாட்டேங்குது, ரெண்டு ஸ்ருதிக்கு நடுவுல போய் நிக்குது"ன்னாங்க. நல்ல காது இருக்கறவங்க சொன்னா அத முதல்ல நம்பணும், நான் உடனே வேகத்த அளந்து பாத்தேன்.

இத நீங்களே வீட்டுல செய்யலாம். எல்பி (பெரிய இசைத்தட்டு) நிமிஷத்துக்கு 33⅓ சுத்து, அதாவது மூணு நிமிஷத்துக்கு சரியா 100 சுத்து. தட்டு ஓரத்துல ஒரு துண்டு பேப்பர் ஒட்டி, ஊசிய இறக்கி பாட்டு ஓடும்போதே (ஊசி இழுக்கற இழுவையும் சேரணும்) போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு எண்ணுங்க, 180 செகண்ட்ல 100 வரணும். டீச்சரம்மாவோடதுல 185 ஆச்சு. அஞ்சு செகண்ட் தானேன்னு தோணும், ஆனா அது 2.7 சதவீதம் கம்மி, அரைக் கட்டைக்கு (ஹார்மோனியத்துல ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளி) கிட்டத்தட்ட 6 சதவீதம்னா இது ஏறக்குறைய கால் கட்டை இறங்கிடுச்சு.

கோடு போட்ட ஸ்ட்ரோப் தட்டும் வச்சு பாக்கலாம், வேகம் சரியா இருந்தா பல்ப் வெளிச்சத்துல கோடு நகராம நிக்கற மாதிரி தெரியும், நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு 33⅓க்கு 180 கோடு இருக்கறத வாங்கணும், 216 கோடு இருந்தா அது 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கு. ஆனா இப்ப வர்ற நிறைய எல்இடி பல்ப்ல கோடு நிக்கறது தெரியாது, பழைய குண்டு பல்போ சோக் போட்ட டியூப்லைட்டோ வேணும்.

இசைத்தட்டு வைக்கிற சுழல்மேடைய தூக்கி பாத்தா எதிர்பார்த்த மாதிரியே, மோட்டாரையும் அதையும் சேக்கற ரப்பர் பெல்ட் பளபளன்னு கெட்டியாகி தொங்கிட்டு இருந்துச்சு. ரப்பர் வயசானா நீளும், இல்ல கெட்டியாகும், சிலது தார் மாதிரி உருகி கைல ஒட்டினா ரெண்டு நாளைக்கு போகாது. மூணுலயும் மோட்டார் ஒழுங்கா சுத்தினாலும் புல்லியில (மோட்டார் தண்டுல இருக்கற சின்ன சக்கரம்) பிடிப்பு இல்லாம பெல்ட் வழுக்கும். இதுக்கு ரப்பர் பேண்டோ டேப் ரெக்கார்டர் பெல்ட்டோ மாட்டிட்டு வர்றவங்க நிறைய பேர், தயவுசெஞ்சு வேண்டாம், இழுவை அதிகமானா மோட்டார் பேரிங் தேயும். தடிமனும் முக்கியம், புல்லி 10 மில்லிமீட்டர்னு வச்சுக்கோங்க, 0.6 பெல்ட்டுக்கு பதிலா 0.8 போட்டாலே வேகம் கிட்டத்தட்ட 2 சதவீதம் ஏறிடும். பழைய பெல்ட்ட அளந்தும் வாங்காதீங்க, அது ஏற்கனவே நீண்டது, மாடல் நம்பர் சொல்லி வாங்குங்க. மாட்டுறதுக்கு முன்னாடி புல்லியையும் பெல்ட் ஓடுற விளிம்பையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சுட்டு எண்ணெய்க் கையால தொடாம மாட்டுங்க, முறுக்கு விழுந்தா பாட்டு அலையும்.

எல்லா பிளேயருக்கும் பெல்ட் கிடையாது, டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 நேரடி மோட்டார், கேரார்ட் 301ல ரப்பர் சக்கரம் தான். அமெரிக்காலேர்ந்து கொண்டு வந்த பழைய ஏசி மோட்டார் பிளேயர்னா இன்னொரு சிக்கல், ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜ மட்டும் தான் குறைக்கும், 60 ஹெர்ட்ஸ்க்கு செஞ்ச மோட்டார் இங்க மெதுவா ஓடி தட்ட நிமிஷத்துக்கு 27.8 சுத்து தான் சுத்த வைக்கும், எத்தன பெல்ட் மாத்தினாலும் சரியாகாது, 50 ஹெர்ட்ஸ் புல்லி வேணும்.

டீச்சரம்மா பிளேயருக்கு வர்றேன். புது பெல்ட் போட்டு எண்ணினா 100 சுத்து 175 செகண்ட்லயே முடிஞ்சிருச்சு, இப்ப ஸ்ருதி மேல போயிடுச்சு! அது டிசி மோட்டார், அடியில வேகத்துக்கு ஒரு ஸ்க்ரூ இருக்கும், முன்னாடி பாத்த யாரோ பெல்ட் வழுக்கறத மறைக்க அத திருகி ஏத்தி விட்டிருக்காங்க. எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயம் இது, வழுக்கற பெல்ட் ஒரே அளவுல வழுக்காது, அதனால ஸ்க்ரூவ திருகி வேகம் நிக்காது, அடுத்து பாக்கறவனுக்கும் நோய் எங்கன்னு தெரியாது. முதல்ல பெல்ட், அப்புறம் நடுத்தண்டுக்கு எண்ணெய், ஒரு அரை மணி நேரம் ஓடவிட்டு கடைசியா தான் ஸ்க்ரூ, அதுவும் மயிரிழை மயிரிழையா. அன்னைக்கு 180ல கொண்டு வந்து நிறுத்த ஒரு மணி நேரம் ஆச்சு.

ஸ்ருதிப்பெட்டிய கைலயே கொண்டு வந்திருந்தாங்க, வச்சு பாத்தோம், சேர்ந்துடுச்சு. அப்புறம் தான் சொன்னாங்க, போன வருஷம் இதே பிளேயர்லேர்ந்து அப்பாவோட தட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி பென்டிரைவ்ல போட்டு பிள்ளைங்களுக்கு பாடம் பண்ண குடுத்துட்டாங்களாம், தட்டுங்கள எடைக்கு போடலாம்னு கூட வீட்டுல பேச்சு இருந்துச்சாம். நல்லவேளை போடல. இப்ப ஒவ்வொண்ணா திரும்ப ஏத்திட்டு இருக்காங்க.