அந்தத் தூளை வாயால் ஊதாதீர்கள்

இந்த வாரமும் ஒருவர் வந்தார். வீட்டிலேயே சின்னதாக ஒரு சிஎன்சி மெஷின் (கணினி சொல்கிறபடி வெட்டும் இயந்திரம்) கட்டி அதில் பிசிபி, அதாவது மின்சுற்றுப் பலகை வெட்டுகிறார். நல்ல கைத்திறமை, கோடுகள் அவ்வளவு சுத்தமாக விழுந்திருந்தன. ஆனால் முன்னங்கை முழுக்கத் தடிப்பு, கண் சிவந்திருக்கிறது, பேச்சுக்கு நடுவே வறட்டு இருமல் வேறு. வெட்டும்போது வரும் தூளை எப்படி அப்புறப்படுத்துகிறீர்கள் என்று கேட்டால், "ஊதிவிடுவேன் சார்" என்கிறார். எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இந்தப் பதிலை இதற்குமேல் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு வேண்டாமென்றுதானே மெஷினுக்கு வந்தேன், இதில் கெமிக்கலே இல்லையே." கெமிக்கல் இல்லை, சரி. கண்ணாடி இருக்கிறதே! ஃபெரிக் குளோரைடு கையில் கறையாகப் பிடிக்கிறது, அதனால் பயந்து கையுறை போடுகிறோம். தூள் கறை வைப்பதில்லை என்பதால் யாரும் அதைச் சட்டை செய்வதில்லை. எஃப்ஆர்-4 போர்டு என்பது கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸியில் தோய்த்து இறுக்கிச் செய்தது. மேலே உள்ள செம்பு பெரும்பாலும் 35 மைக்ரான்தான். வெட்டும் முனையான பிட்டை 0.1 மில்லிமீட்டர் இறக்கினாலே செம்பைத் தாண்டி 65 மைக்ரான் உள்ளே போய்விடுகிறது. துளை போடும்போதும் ஓரம் வெட்டும்போதும் 1.6 மில்லிமீட்டர் கனம் முழுவதும் பொடியாகிறது. நீங்கள் செம்புத் தூள் என்று நினைத்து ஊதுவதில் பெரும்பகுதி கண்ணாடியும் பிசினும்தான்.

இது ஆஸ்பெஸ்டாஸ் மாதிரியா என்று பதறவும் வேண்டாம். போர்டில் இருக்கும் வகை கண்ணாடி இழையை சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2002இல் வெளியிட்ட அறிக்கையில், புற்றுநோய் உண்டாக்குமா என்று வகைப்படுத்த இயலாத மூன்றாம் பிரிவில்தான் வைத்திருக்கிறது. ஆனால் கண், தோல், தொண்டை எரிச்சல் நிச்சயம், ஆஸ்துமா இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம்.

மெஷினைச் சுற்றி மூடி போட்ட பெட்டி கட்டுங்கள். வேக்கம் கிளீனரின் குழாய் முனை பிட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், ஹெப்பா ஃபில்டர் உள்ளதாகப் பாருங்கள், சாதாரண வேக்கம் நுண்தூளைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே திருப்பி அனுப்பிவிடும். கம்ப்ரெஸர் காற்று கூடவே கூடாது. மிச்சத்தை ஈரத்துணியால் துடையுங்கள். துணி மாஸ்க் போதாது, முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 வேண்டும். பவர் கண்ணாடி போட்டிருக்கிறேன் என்று சொல்லாதீர்கள், அதற்குப் பக்கவாட்டில் மறைப்பு இல்லை, மெல்லிய கார்பைடு பிட்டோ வளையாது, சட்டென்று ஒடிந்து தெறிக்கும். பிட் சுற்றும்போது கையுறையோ தொங்கும் சட்டைக் கையோ வேண்டாம். தூள் கண்ணில் விழுந்தால் தேய்க்காமல் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், அப்புறமும் உறுத்தினால் கண் மருத்துவரிடம் போங்கள். தோலில் பட்டாலும் ஓடும் தண்ணீரில் அலசுங்கள், சொறிந்தால் இழை இன்னும் உள்ளே ஏறும்.

கட்டுகிறவர்கள் அநேகமாக விட்டுவிடும் இன்னொன்று. செம்பு கலந்த அந்தத் தூள் மின்சாரத்தைக் கடத்தும். மெஷினைக் கட்டுப்படுத்தும் அர்டுயினோவும் மோட்டார்களை ஓட்டும் டிரைவர் போர்டும் பவர் சப்ளையும் மெஷினுக்கு அடியிலேயே திறந்து கிடந்தால் ஒருநாள் ஷார்ட் ஆகும், தனிப் பெட்டியில் வையுங்கள். திரையில் இருக்கும் நிறுத்து பொத்தானையும் நம்பாதீர்கள். மெஷினை இயக்கும் மென்பொருளான ஜிஆர்பிஎல்லில் ஃபீட் ஹோல்ட் (தற்காலிக நிறுத்தம்) கொடுத்தால் அச்சுகள்தான் நிற்கும், பிட்டைச் சுழற்றும் ஸ்பின்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்பின்டிலுக்குப் போகும் மின்சாரத்தையே துண்டிக்கிற சிவப்பு பொத்தான் ஒன்று கை எட்டும் தூரத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

பழகும் காலத்திலாவது தயவுசெய்து எஃப்ஆர்-1 போர்டு வாங்குங்கள். அது காகிதமும் ஃபீனாலிக் பிசினும் சேர்ந்தது, கண்ணாடி இழை இல்லை, பிட்டும் நீண்ட நாள் உழைக்கும். அதிலும் தூள் வரும், அதனால் மாஸ்க்கைக் கழற்றிவிட வேண்டாம். மெஷினைப் படுக்கையறையில் வைத்திருப்பவர்கள், குறிப்பாகக் குழந்தைகள் தூங்கும் அறையில் வைத்திருப்பவர்கள், அடுத்த போர்டை வெட்டுவதற்கு முன்னால் அதை அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.