பிரித்துக் கோக்கக்கூடிய வீடு

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால், ராயபுரத்தில் எங்கள் வீட்டுப் புழக்கடையின் பலகைக் கதவு நிலையோடு இறுகிவிடும். தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். பங்குனி வெயிலில் அதே இடுக்கில் ஒரு தீக்குச்சி தாராளமாக நுழையும். முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா என்னும் பழைய வீடுகளின் அருங்காட்சியகத்தில், கேரளத்தின் புதுப்பள்ளியிலிருந்து பிரித்து எடுத்துவந்து மீண்டும் எழுப்பப்பட்ட சிரியன் கிறிஸ்தவர் வீட்டின் மரச்சுவர்களுக்கு நடுவே நின்றபோது, அந்தக் கதவின் தொல்லைக்கு விடை கண்டவர்கள் கட்டிய வீடு இது என்று புரிந்தது.

மரம் என்பது நெடுக்குவாட்டில் நெருங்கி அடுக்கிய நுண்குழல்களின் கட்டு. காற்றின் ஈரம் அக்குழல்களின் சுவர்களுக்குள் புகும்போது சுவர் தடிக்கிறதே தவிர, குழல் நீளுவதில்லை. ஆகவே மரம் அகலத்தில்தான் உப்பும். பச்சைத் தேக்கு முற்றிலும் உலரும்போது, ஆண்டு வளையங்களின் போக்கில் சுமார் 5 சதவீதமும், அவற்றுக்குக் குறுக்கே அதில் ஏறக்குறைய பாதியும் சுருங்குகிறது, நீளத்திலோ 0.2 சதவீதம்கூடக் குறைவது அரிது. இரண்டடி அகலப் பலகையின் ஈரப்பதம் 4 சதவீதம் ஏறினாலே அது 4 மில்லிமீட்டர் வரை விரியக்கூடும்.

இப்படி ஓயாமல் அசையும் மரத்தில் இரும்பாணி அடித்தால், காலப்போக்கில் ஆணி தளரும். கடற்காற்று படும் எங்கள் பகுதியில் அது துருவேறிப் பருத்து மரத்தையே பிளந்துவிடும். பழைய ஆசாரிகள் அதற்கு மாறாக, ஒரு கட்டையின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றொன்றின் துளையில் செருகி, குறுக்கே மர ஆணி இறக்கினார்கள். பாரத்தைக் கட்டையின் தோள்பகுதியே, அதாவது கழுந்தைச் சுற்றிச் செதுக்காமல் விட்ட விளிம்பே, தாங்குகிறது. மர ஆணிக்கு உள்ள வேலை, கழுந்து வெளியே நழுவாமல் பிடிப்பது மட்டுமே. கேரளக் கூரைகளில் கழுக்கோல்கள் எனப்படும் சாய்வான கூரைக் கட்டைகள் ஒவ்வொன்றிலும் துளையிட்டு, அவற்றின் ஊடே 'வளை' என்னும் சட்டத்தை ஊசியில் நூல் கோப்பதுபோல் கோத்திருப்பார்கள். என் கண்ணுக்கு அந்தத் தொழிலின் உச்சம் அதுதான்.

ஒட்டும் பசை இல்லாததால், இத்தகைய வீட்டை உடைக்காமலே பிரிக்கலாம்: கட்டைதோறும் எண்ணிட்டு, மர ஆணிகளைத் தட்டியெடுத்து, கடைசியாகக் கோத்ததை முதலில் கழற்றி, புதிய இடத்தில் தலைகீழ் வரிசையில் பூட்ட வேண்டும்.

இதே அறிவு எங்கள் தெருவாசல் கதவிலும் இருக்கிறது. அதன் நடுப்பலகைகள் சட்டத்தின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) ஒட்டப்படாமல் செருகப்பட்டவை. பொங்கலுக்கு முன் வர்ணம் அடித்தால், சித்திரையில் பலகையோரத்தில் வர்ணம் படாத மெல்லிய கோடு ஒன்று வெளியே தெரியும். மழை வந்ததும் அது காடிக்குள் மறைந்துவிடும்.