தெர்மோகப்பிள்: இரட்டையா, இணையா?

அக்கா மகன் விமானம் ஓட்டப் படிக்கிறான். விடுமுறைக்கு அவனியாபுரம் வந்திருந்தபோது, "மாமா, தெர்மோகப்பிளுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டான். "வெப்ப மின்னிரட்டை" என்றேன். பள்ளியில் படித்தது. "அப்ப ரெண்டும் ஒரே மாதிரி இருக்குமா?" என்றான். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

தெர்மோகப்பிள் என்பது சூட்டை அளக்கும் உணரி. அதன் இரண்டு கம்பியும் ஒரே மாதிரி இருந்தால் அது வேலையே செய்யாது. வெவ்வேறு உலோகத்தில் இரண்டு கம்பி, ஒரு முனையில் சேர்த்து முறுக்கியோ பற்றவைத்தோ இருக்கும். அந்த முனை சூடாகி, மறுமுனை குளிர்ந்திருந்தால் கொஞ்சம் மின்னழுத்தம் பிறக்கும். 1821-இல் இதைக் கவனித்தவர் சீபெக் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர். பக்கத்தில் வைத்த காந்த ஊசி திரும்பியதால், வெப்பம் காந்தத்தை உண்டாக்குகிறது என்றே அவர் நினைத்துக்கொண்டார்; ஊசியைத் திருப்பியது மின்னோட்டம். விமானங்களில் அதிகம் புழங்கும் குரோமல்–அலுமல் என்ற உலோகக்கலவைச் சோடி, 100 டிகிரி செல்சியஸ் வித்தியாசத்துக்குச் சுமார் 4 மில்லிவோல்ட் தரும். இந்தத் துளி மின்சாரமே முள்ளை நகர்த்திவிடுவதால், பழைய மானிகள் சிலவற்றுக்கு பேட்டரிகூட வேண்டாம்.

அவன் ஓட்டிப் பழகுவது செஸ்னா 172 என்ற சிறு விமானம். அதிலுள்ள லைகாமிங் இஞ்சினுக்கு நான்கு சிலிண்டர். தண்ணீர், ரேடியேட்டர் எதுவும் கிடையாது, காற்றுதான் ஆற்றுகிறது. சிலிண்டர் ஹெட்டுக்கு, அதாவது சிலிண்டரின் தலைமூடிக்கு, சூட்டின் எல்லை 500 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 260 செல்சியஸ். இஞ்சின் நெடுநாள் உழைக்க வேண்டுமென்றால் 400 ஃபாரன்ஹீட்டைத் தாண்டவிடாதே என்பார்கள். ஹெட்டில் ஒரு தெர்மோகப்பிள், புகைக்குழாயில் இன்னொன்று. ஒவ்வொரு சிலிண்டருக்கும் எரிபொருளைப் பற்றவைக்கும் ப்ளக் இரண்டு உண்டு. அதில் ஒன்று செத்தால் எரிதல் தாமதமாகும். எரிந்து முடியாத வாயு குழாய்க்குள் வரும். அதனால் புகையின் சூடு ஏறும், ஹெட்டின் சூடு சற்று இறங்கும். ஒன்றை மட்டும் பார்த்தால் கதை புரியாது.

எந்த சிலிண்டர் மக்கர் செய்கிறது என்பதை நம்மூர் மெக்கானிக்குகள் தண்ணீரை வைத்தே கண்டுபிடிப்பார்கள். இஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரின் புகைக்குழாயிலும் சொட்டுச் சொட்டாகத் தெளிப்பார்கள். எந்தக் குழாய் 'சொய்' என்று சொல்லவில்லையோ அந்த சிலிண்டர் எரியவில்லை. ஐந்தாயிரம் அடி உயரத்தில் யார் போய்த் தெளிப்பது? அதற்குத்தான் குழாய்க்குக் குழாய் கம்பி.

சரி, சொல்லுக்கு வருவோம். தெர்மோஸ் என்றால் கிரேக்கத்தில் சூடானது. நம் வெம்மை, வெயில், வெந்நீர், சித்திரையில் மதுரை முழுக்கப் புலம்பும் வெக்கை எல்லாம் ஒரே குடும்பம். ஆகவே 'வெப்பம்' கச்சிதமாகப் பொருந்துகிறது. தகராறு கப்பிளில்தான். அதன் வேர் லத்தீனின் கோபுலா: கட்டு, பிணைப்பு. எண்ணிக்கை அதில் அப்புறம் வந்து ஒட்டியது. இரட்டையோ இரண்டிலிருந்து பிறந்தது. ரெட்டைப் பிள்ளை, ரெட்டை வாழைப்பழம் என்றதுமே ஒன்றைப் போல இன்னொன்று என்று மனம் எதிர்பார்க்கும். பையன் கேட்டதில் தப்பில்லை.

எனக்கு 'வெப்ப இணை' பிடிக்கிறது. இணைத்தல் என்ற வினை அதற்குள்ளேயே இருக்கிறது. கம்பி சேரும் முனையும் கண்ணில் படுகிறது. 'இணையற்ற' என்னும்போது இணைக்கும் சமம் என்ற பொருள் வருகிறதே என்று தமிழாசிரியர் யாராவது மடக்கலாம். மடக்கட்டும். தேர்வில் மட்டும் மின்னிரட்டை என்றே எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம்.

பையன் விடவில்லை. "சிலிண்டர் ஹெட் டெம்பரேச்சருக்கு?" உருளைத்தலை வெப்பநிலை என்று இழுத்தேன். "நீளம் மாமா. தலைச்சூடு போதும்" என்றான். அடுப்படியிலிருந்து அக்கா குரல் வந்தது: "யாருக்குடா தலைச்சூடு? சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளின்னா கேக்குறியா?"